ஐயரவர்களுக்கும் அதே விதிதான்



லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் நமக்கெல்லாம் தெரிந்த கதை. பஸ்கா பண்டிகை முடிந்து ஊர் திரும்புகிறார்கள். 12 வயது மகன் உறவுக்காரரோடு வருவான் என்று எண்ணி, யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. அந்தப் பெற்றோருக்குப் பாசத்தில் குறைவா? இல்லையே! பாசம் இருந்தாலும் பிள்ளை தவறும். அதனால்தான் பாசத்தோடு ஓர் ஒழுங்கும் வேண்டும் என்கிறேன்.

மே மாதம் நம் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வருகிறது. அதன் கடைசி நாள் மதியத்தை நினைத்துப் பாருங்கள். பரிசு கொடுத்தாயிற்று, வாசலெல்லாம் ஆட்டோவும் பைக்கும். "நான் இவளுக்கு மாமா முறை, கூட்டிட்டுப் போறேன்" என்கிறார் ஒரு பெரியவர். பெயர்ப்பட்டியலோடு நிற்கும் டீச்சருக்கோ 19 வயது. தடுத்துக் கேட்டால், "என்னையேவா சந்தேகப்படுறே?" என்பார். அந்தப் பெண் என்ன செய்வாள்? பிள்ளையை யார் கூட்டிப் போகலாம் என்ற கேள்வியைப் பதிவுப் படிவமே பெற்றோரிடம் கேட்கட்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயர்களில் இல்லாதவரோடு, அவர் யாராக இருந்தாலும், பிள்ளையை அனுப்பக் கூடாது.

வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். பாட்டுப் பயிற்சியோ தனி ஜெபமோ, கதவு திறந்தே இருக்கட்டும். சுற்றுலா போனால் வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுங்கள். பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். பெற்றோர் உள்ள குழுவில் போடுங்கள்.

"நம்ம சபையில அப்படியெல்லாம் யாருமில்லை" என்று சிலர் சொல்லலாம். பாஸ்டனிலும் அப்படித்தான் நம்பினார்கள். பிள்ளைகளைச் சீரழித்த குருக்களை மேலிடம் பங்கு விட்டுப் பங்கு மாற்றிக் காப்பாற்றியதை, 2002-இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாஸ்டன் பேராயர் கர்தினால் லா பதவி விலகினார். சபையின் பெயரைக் காக்க மூடி மறைத்தார்கள்; மறைத்ததாலேயே பெயர் கெட்டது.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாக இருக்கிறது. மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதற்குக் கூடுதல் தண்டனை விதிக்கிறது. தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே உள்ளவர் செய்ததைச் சொல்லாமல் விடும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்கு வராது. ஆகவே, ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால் கமிட்டி கூட்டிப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்; பெயரை வெளியே விடாதீர்கள். காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது 1098-ஐ அழையுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த சேகர மன்றக் கூட்டத்தில் இந்த விதிகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். முதல் கையெழுத்தை நம் சபை ஐயரவர்கள் போடட்டும். அடுத்து மன்றத்தார் ஒவ்வொருவரும் போடட்டும். பெரியவர்கள் தாங்களே கட்டுப்பட்ட விதியை எடுத்துச் சொல்ல எந்த இளம் டீச்சரும் தயங்க மாட்டார்.