குறுகிய பருவமும் குன்றாத வெற்றியும்

வட அமெரிக்காவில் பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடப்பெறும் ஹாக்கி பெரும்புகழ் வாய்ந்தது. அங்குள்ள தேசிய ஹாக்கி லீகில் ஆடுவோர்க்கெல்லாம் ஸ்டான்லி கிண்ணத்தை வெல்வதே வாழ்நாட் கனவு. 1994ஆம் ஆண்டில் அணிகளின் உரிமையாளர்க்கும் ஆட்டக்காரர்க்கும் ஒப்பந்தத் தகராறு மூண்டது. உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தனர். அக்டோபரில் தொடங்க வேண்டிய பருவம் 1995 ஜனவரியில்தான் தொடங்கிற்று. ஒவ்வோர் அணியும் 48 ஆட்டங்களே ஆடிற்று. அவ்வாண்டு நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி கிண்ணம் வென்றது. குறைப்பருவத்தில் பெற்ற வெற்றி நிறைவெற்றி ஆகுமா என்று ஐயுற்றவர் உண்டு.

ஐயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட்டங்கள் குறைந்தால் தற்செயலுக்கு இடம் மிகும். அன்றியும், அப்பருவத்தில் கிழக்குப் பிரிவினரும் மேற்குப் பிரிவினரும் இறுதிச் சுற்றுக்கு முன் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை.

ஆனால், நேயர்களே, பருவ ஆட்டங்கள் வாயிலைத்தான் திறக்கின்றன. கிண்ணத்தைத் தருபவை அதன்பின் வரும் நான்கு சுற்றுகள். சுற்றுக்கு நான்காகப் பதினாறு வெற்றிகள் வேண்டும். அவற்றில் ஒன்றேனும் 1995இல் குறைக்கப்படவில்லை. பருவத்தில் முதலிடம் பெற்ற டெட்ராய்ட் அணியையே நியூ ஜெர்சி இறுதிச் சுற்றில் தொடர்ந்து நான்கு முறை வென்றது.

மேலும், 1930களில் பெரும்பாலும் 48 ஆட்டங்களே முழுப் பருவம். 1938இல் சிக்காகோ அணி அவற்றுள் பதினான்கில் மட்டுமே வென்றும் கிண்ணத்தைக் கைக்கொண்டது! தற்செயல் முழுப் பருவத்திலும் குடியிருப்பதே. 2013இல் மீண்டும் கதவடைப்பால் பருவம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியபோது, பருவத்தில் முதலிடம் பெற்ற சிக்காகோ அணியே கிண்ணத்தையும் வென்றது. 2010இலும் 2015இலும், முழுப் பருவங்களில், அதே அணி வாகை சூடியதை நினைவிற் கொள்க.

குறைப்பருவத்தால் குறைவது ஒன்று உண்டு. ஓராண்டில் ஒருவர் அடித்த கோல்களின் தொகை போன்ற எண்ணிக்கைச் சாதனைகளை முழு ஆண்டோடு ஒப்பிட இயலாது. பட்டமோ எண்ணிக்கை அன்று. அவ்வாண்டில் எதிர்நின்றோரை வென்றதற்கான சான்று. நாட்குறைவு எல்லா அணிகட்கும் பொது.

அக்கிண்ணமே இதற்குச் சாட்சி. 1919இல் இன்புளுயன்சா நோயால் இறுதிச் சுற்று நின்றுபோயிற்று. 2004-05 பருவம் தகராற்றால் முழுதும் நடைபெறவில்லை. அவ்விரு செய்திகளும் கிண்ணத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. வென்றவர் பெயர் இல்லை. 1995க்கோ நியூ ஜெர்சி வீரர்களின் பெயர்கள் ஏனையோர் பெயர்களைப் போலவே விளங்குகின்றன. முடிவுறாத போட்டி வேறு. சுருங்கினும் முடிவுகண்ட போட்டி வேறு.