காணாக் கசிவைக் காணும் கல்வி
(வெள்ளி விழாவின் தொழிற்கல்வி அமர்வில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வரலாறு பேசலாம், உரிமை பேசலாம், கல்லூரிப் படிப்பின் மேன்மை பேசலாம். மோட்டார்ப் பட்டறைப் பிரிவின் ஆசிரியர்களாகிய நாங்களோ, காரின் பெட்ரோல் டாங்கியிலிருந்து கசியும் ஆவியைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேச வந்துள்ளோம். இது சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறையை ஊகத்தால் அன்றிச் சோதனையால் காண்பது எப்படி என்பதை இதைப்போல் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் எங்கள் பட்டறையில் வேறில்லை. ஆதலின் இதனைத் தேர்ந்தோம்.

முதலில் ஆவியின் இயல்பைக் காண்போம். பெட்ரோல், என்ஜின் ஓடாதபோதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும் பொருள். வெயிலில் நிற்கும் காரின் டாங்கியில் ஆவி பெருகும். பழைய வண்டிகளில் அது நேரே காற்றில் கலந்தது. அந்த ஆவியில் உள்ளவை ஹைட்ரோகார்பன்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டிய காலத்தில், ஹாகன்ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் அவர் விளக்கினார். அதன் பயனாக, புகைக்குழாயின் புகைக்கு மட்டுமன்றி டாங்கியின் ஆவிக்கும் கட்டுப்பாடு வந்தது. கலிபோர்னியாவில் 1970-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971-ஆம் ஆண்டு மாதிரிகளிலும் ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று.

நம் நாட்டிலும் பெட்ரோல் கார்களுக்கு இவ்விதி உண்டு. மூடிய அறையில் வைத்துச் சோதிக்கும்போது வெளிவரும் ஆவி, ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மிகலாகாது. இரண்டு கிராம் பெட்ரோல் என்பது ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாத அளவு. அத்துணைச் சிறு அளவையும் எண்ணிப் பார்க்கும் காலத்தில் நாம் தொழில் கற்கிறோம் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி அமைப்பைக் காண்போம். டாங்கியின் மேற்புறத்திலிருந்து ஒரு குழாய், கரி நிரம்பிய பெட்டி ஒன்றுக்குச் செல்கிறது. பட்டறையில் அதனைக் கனிஸ்டர் என்பர். அதிலுள்ள கரி, ஆவியைத் தன்மீது பற்றி வைத்துக்கொள்ளும். என்ஜின் சூடேறி ஓடும்போது, என்ஜினுக்கும் கனிஸ்டருக்கும் இடையிலுள்ள பர்ஜ் வால்வைக் கணிப்பொறி திறக்கிறது. என்ஜினின் உறிஞ்சு விசை, கனிஸ்டரின் மறுபுறத்து வென்ட் வழியே வெளிக்காற்றை இழுக்கும். அக்காற்று கரியிலுள்ள ஆவியைச் சுமந்து என்ஜினுக்குள் சென்று எரியும். வீணாகி நஞ்சாக வேண்டிய ஆவி, எரிபொருளாகிப் பயன் தருகிறது. டாங்கி, மூடி, குழாய்கள், கனிஸ்டர், பர்ஜ் வால்வு, வென்ட் வழி: இவ்வளவே இவ்வமைப்பு. இவற்றுள் எங்கேனும் ஓட்டை விழுந்தால் ஆவி வெளியேறும்.

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, கார் தன் குறையைத் தானே சோதித்து விளக்கெரித்துச் சொல்லும் முறை பொதுவாயிற்று. அங்குள்ள பல கார்களில் வென்ட் வழியையும் மூடத்தக்க வால்வு ஒன்று உண்டு. கணிப்பொறி அதனை மூடிவிட்டு, பர்ஜ் வால்வின் வழியே டாங்கியில் சிறிதளவு வெற்றிடத்தை உண்டாக்கி, பின்னர் அதையும் மூடிவிடும். அழுத்தம் காட்டும் சென்சாரை அது கவனித்துக்கொண்டிருக்கும். வெற்றிடம் நிலைத்து நின்றால் அமைப்பு இறுக்கமாயுள்ளது. விரைவில் குறைந்தால் எங்கோ கசிவு உள்ளது. முதலில் 1 மில்லிமீட்டர் துளையையும், கலிபோர்னிய விதிப்படி 2000-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டர் துளையையும் இச்சோதனை கண்டுகொள்ள வேண்டியதாயிற்று. பி0455 என்ற குறியீடு பெருங்கசிவையும், பி0442 சிறு கசிவையும், பி0456 மிகச் சிறு கசிவையும் குறிக்கும்.

நம் நாட்டு விதிகளோ ஐரோப்பிய முறையைத் தழுவியவை. அம்முறை பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுபடாமல் உள்ளதா என்பதையே குறைந்த அளவுச் சோதனையாகக் கேட்கிறது. ஆகவே இங்குள்ள பல கார்களில் குழாய் வெடித்து ஆவி கசிந்தாலும் விளக்கு எரியாமல் இருக்கக்கூடும். ஸ்கேனர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் குறை இல்லை என்று முடிவு கட்டலாகாது. கருவி வாய்திறவாத இடத்தில்தான் தொழிலாளியின் அறிவு பேச வேண்டும்.

சரி, கசிவை எவ்வாறு காண்பது? வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்த வரிசையையே நாங்கள் மாணவர்களுக்குக் கூறுவது வழக்கம். பிணி எது என்று தெளிதல், அதன் மூலத்தைத் தேடுதல், அதன் பின்னரே தீர்க்கும் வழியை எண்ணுதல். பாகத்தை மாற்றிப் பார்ப்பது இவ்வரிசையில் எங்கும் இல்லை.

முதற்படி, கேட்டல். பெட்ரோல் நெடி எப்போது வருகிறது? டாங்கி நிரம்பியிருக்கும்போதா, வெயிலில் நிறுத்திய பின்னரா, எப்போதுமா? நிரம்பியபோது மட்டும் நெடி வருமாயின், டாங்கியின் மேற்புற இணைப்புகளையும் பெட்ரோல் ஊற்றும் கழுத்தையும் ஐயுற வேண்டும். பங்கில் பெட்ரோல் ஊற்றும்போது குழல் அடிக்கடி தானே நின்றுவிடுகிறதா? அவ்வாறாயின் வென்ட் வழி புழுதியாலோ பூச்சிக் கூட்டாலோ அடைபட்டிருக்கலாம்.

இரண்டாம் படி, பார்த்தல். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துள்ளதா, கழுத்தின் விளிம்பு துருப்பிடித்துள்ளதா என்று காண வேண்டும். விலை மலிந்ததும் வழக்கமாகக் கெடுவதும் மூடியே. ஆதலின் அங்கிருந்து தொடங்குவதே முறை. பின்னர்க் குழாய்களின் முனைகளை வளைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் வெப்பத்தில் ரப்பர் வெடிப்பது முனையில்தான். எலி கடித்த குழாய்களையும் நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

மூன்றாம் படி, பர்ஜ் வால்வைச் சோதித்தல். பெரும்பாலான கார்களில் இவ்வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, வால்வின் மின் இணைப்பைக் கழற்றி, கனிஸ்டர் பக்கத்துக் குழாயை எடுத்துவிட்டு, வால்வின் வாயில் விரலை வைக்க வேண்டும். விரலை உறிஞ்சினால் வால்வு மூடவில்லை என்பது உறுதி. விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு விரலும் நிதானமும் போதும்.

நான்காம் படி, புகைச்சோதனை. மேற்சொன்னவற்றால் புலப்படாத கசிவுக்கு இதுவே சிறந்த வழி. கனிம எண்ணெயைச் சூடாக்கி உண்டாக்கிய வெண்புகையை அமைப்பினுள் செலுத்தி, வென்ட் வழியை மூடிவிட்டு, பிரகாசமான விளக்கொளியில் புகை வெளிவரும் இடத்தைக் காண்பதாகும். ஈண்டு ஓர் எச்சரிக்கை. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ அரைப் பவுண்டு அளவே இருக்க வேண்டும்; ஒரு பவுண்டைத் தாண்டலாகாது. பட்டறைக் கம்ப்ரசரில் நூறு பவுண்டுக் காற்று இருக்கிறதே, அதை விட்டுப் பார்ப்போம் என்று எவரும் துணியலாகாது. குழாய்கள் சிதையும், அதனினும் கொடிதாக, டாங்கியினுள் காற்றும் ஆவியும் கலந்து தீப்பற்றும் கலவை உண்டாகும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு முதல் 7.6 விழுக்காடு வரை பெட்ரோல் ஆவி கலந்திருப்பின் ஒரு பொறி போதும். ஆதலின் புகையைச் சுமக்க நைட்ரஜன் போன்ற எரியாத வாயுவைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

ஐந்தாம் படி, மெய்ப்பித்தல். பழுதை நீக்கிய பின் அதே சோதனையை மீண்டும் செய்து கசிவில்லை என்று காண வேண்டும். விளக்கை அணைத்துவிடுவது பழுதை நீக்கியதாகாது. காரின் சுயசோதனையும் உடனே நடவாது. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்; டாங்கி நிரம்பியும் இருத்தலாகாது, வற்றியும் இருத்தலாகாது. அதுவரை பொறுத்திருப்பதே நேர்மை.

இப்பாடத்தின் பயனைக் காட்ட ஒரு நிகழ்ச்சி. எங்கள் பிரிவுக்கு ஒரு கார் வந்தது. பெட்ரோல் நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் சிறிது நேரம் திணறும். முன்னர்ப் பார்த்த பட்டறையில் ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் பம்பும் மாற்றப்பட்டிருந்தன. பணம் கரைந்ததே தவிரக் குறை தீரவில்லை. எங்கள் மாணவர் ஒருவர் காருக்குரியவரிடம், "ஐயா, இது எந்நேரமும் நிகழ்கிறதா, பெட்ரோல் போட்ட பின் மட்டும்தானா?" என்று கேட்டார். "போட்ட பின் மட்டும்தான்" என்று விடை வந்தது. மாணவர் நேரே பர்ஜ் வால்வுக்குச் சென்று விரலை வைத்தார். வால்வு மூடவில்லை. பெட்ரோல் நிரப்பும்போது கனிஸ்டரில் சேர்ந்த அடர்ந்த ஆவி, மூடாத வால்வின் வழியே ஸ்டார்ட் செய்யும் கணத்திலேயே என்ஜினுக்குள் பாய்ந்து கலவையைக் கெடுத்திருக்கிறது. ஒரு வால்வை மாற்றியதும் குறை தீர்ந்தது.

அம்மாணவர் யார்? இங்கு வருமுன் வேறொரு பட்டறையில் மூன்றாண்டுகள் கையாளாக இருந்தவர். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். எண்ணெய்ப் பாகங்களைக் கழுவினார். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று ஒருநாள் கேட்டதற்கு, "உனக்கு அது எதற்கு? சொன்னதைச் செய்" என்பதே விடையாகக் கிடைத்தது. நம் மக்களின் கைகளுக்கு வேலை எக்காலத்தும் மறுக்கப்பட்டதில்லை. அக்கைகளுக்குரிய மூளைக்குக் கேள்வி கேட்கும் உரிமையே மறுக்கப்பட்டது. அன்று அவர் வாய்திறந்து ஒரு கேள்வி கேட்டதும், காருக்குரியவர் மரியாதையுடன் விடை கூறியதும் எங்கள் கண்ணுக்குப் பெரிய காட்சியாகத் தோன்றின.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் தகாது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதில் பென்சீனும் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள். வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் குழி அவ்வாவி தேங்கும் இடம். நெடி உள்ள வண்டியை முதலில் வெளியில் காற்றோட்டமாக நிறுத்த வேண்டும். குழியில் காற்றோட்டம் செய்யாமல் எவரும் இறங்கலாகாது. பீடியும் நெருப்பும் அருகில் வரலாகாது. இது எங்கள் பட்டறையின் மீறக்கூடாத விதி. நச்சு வாயு நிறைந்த குழிகளுக்குள் சோதனையின்றி இறக்கப்பட்டு உயிர்நீத்தோரின் உறவினர் நாம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடைக் குழிகளில் மாண்டோரின் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. எனினும் அச்சாவுகள் இன்னும் நின்றபாடில்லை. ஆதலின், "இறங்குமுன் காற்றைச் சோதித்தாயா?" என்ற கேள்வி எங்களுக்கு வெறும் பட்டறை விதியன்று. நம் பிள்ளைகள் தம் முதலாளியை நோக்கித் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி அது.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியைத் தொடங்கினார். அக்காலத்தில் அவர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராகவும் இருந்தார். கல்லூரியையும் தொழிலாளர் நலனையும் ஒரே காலத்தில் தம் தோளில் சுமந்த அப்பெருமகனின் வழியில், நமது கழகமும் ஏட்டுக் கல்வியோடு தொழிற்கல்வியையும் இணைத்து வளர்க்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

பெரியோர்களே! எங்கள் பிரிவுக்கு ஒரு புகைச்சோதனைக் கருவியும் நல்ல ஸ்கேனர் ஒன்றும் வேண்டும். வெள்ளி விழா நினைவாக அவற்றை வழங்க முன்வருமாறு இவ்வவையைக் கேட்டுக்கொள்கிறோம். கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: பங்கில் குழல் தானே நின்ற பின் மேலும் பெட்ரோல் ஊற்றச் சொல்லாதீர்கள். திரவப் பெட்ரோல் கனிஸ்டருக்குள் புகுந்தால் கரி கெட்டுவிடும்.

மாணவச் செல்வங்களே! மின்சாரக் கார்கள் பெருகிவருகின்றன. அவற்றில் பெட்ரோல் டாங்கியும் இல்லை, கனிஸ்டரும் இல்லை. இன்று கற்ற வால்வு நாளை பயன்படாமற் போகலாம். கேட்டுப் பார்த்துச் சோதித்து மெய்ப்பிக்கும் முறையோ எவ்வண்டிக்கும் பயன்படும். அம்முறையைக் கைவிடாதீர்கள். உங்கள் கை எண்ணெயாகட்டும். உங்கள் தீர்ப்பு தூய்மையாக இருக்கட்டும்.