ஒரு கண்ணை மூடிப் பாருங்க!

மீஞ்சூர்ப் பெருமக்களே, பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே!

இந்தக் கண் முகாம் டாக்டர் எனக்கு அஞ்சு நிமிஷம்தான் கொடுத்திருக்கார். அஞ்சு நிமிஷத்துல நான் எந்த மேடையிலிருந்து இறங்கியிருக்கேன்?

வலையில ஒரு கண் அறுந்தா அன்னிக்கே உட்கார்ந்து முடி போடுற அண்ணன், சொந்தக் கண் மங்கினா மட்டும் "வயசாச்சு, அப்படித்தான்"ங்கிறார். எது அப்படித்தான்? எதிர்ல வர்ற லாரி லைட் சிதறுதா, நிறம் வெளுத்துத் தெரியுதா, கண்புரையா இருக்கலாம். அறுபது வயசுல திடீர்னு கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறேன்னு மீசை முறுக்காதீங்க, அதுவும் புரையோட வேலையா இருக்கலாம்! புரைக்குப் பயம் வேண்டாம். லென்ஸ் வெச்சா பார்வை திரும்பும்.

மதுரையில ஒரு மனுஷர் இருந்தார். பேர் சொல்லணுமா? மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரலாலேயே கத்தி பிடிக்கப் பழகி லட்சம் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணினார்! சர்க்கார் வேலை முடிஞ்சு, 58 வயசுல, 1976-ல, 11 படுக்கையோட ஆஸ்பத்திரி ஆரம்பிச்சார். நாம 58-ல திண்ணை தேடறோம்!

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க! ஆனா வேற சில பேர் இருக்காங்க. தேர்தல் வந்தா கண் முகாம். கண்ணாடிக் கூட்டுல அவங்க படம்! பழவேற்காடு முகத்துவாரம் மண்ணடிச்சுப் போறது அவங்க கண்ணுக்குத் தெரியுதா? முதல் ஆபரேஷன் அவங்களுக்குத்தான் பண்ணணும்!

சரி, டாக்டர் முறைக்கிறார். கண் நீர் அழுத்தம், அதான் குளுக்கோமா. பெரும்பாலும் வலிக்காது, சொல்லிட்டும் வராது. நேரே வர்ற படகு தெரியும், பக்கத்துல வர்றது தெரியாது. அதுல போன பார்வை போனதுதான். அந்த மதுரைக்காரரே எழுந்து வந்தாலும் மீட்க முடியாது! அப்பா அம்மாவுக்கு இருந்தா உங்களுக்கும் வரலாம். கண் சிவந்தா மெடிக்கல்ல ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாசக்கணக்குல ஊத்துறீங்களே, புரை, அழுத்தம் ரெண்டையும் அதுவே கூட்டிட்டு வரும். பீடியோ விழித்திரையோட நடுவுல கை வைக்கும், நேரானது வளைஞ்சு தெரியும். இப்பவே ஒரு கண்ணை மூடி அந்தக் கொடிக்கம்பத்தைப் பாருங்க. அடுத்த கண்ணாலயும் பாருங்க. வளைஞ்சு தெரிஞ்சா, நம்ம பசங்க ஒழுங்கா நடலைன்னு திட்டாதீங்க, டாக்டர்கிட்ட வாங்க!

1819-ல ஆரம்பிச்ச சர்க்கார் கண் ஆஸ்பத்திரி எழும்பூர்ல இருக்கு. இங்கே ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா பக்கம்தான். சர்க்கரை இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டியே ஆகணும். நாற்பது தாண்டின எல்லாரும் இப்பவே பின்னாடி வரிசைக்குப் போங்க. பிரியாணி அப்புறம்!