நீலத் தொப்பியும் பொறுப்புக்கூறலும்

(எமது சங்க மண்டபத்தில் நடந்த ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது, "அண்ணை, நான் ஏ.எல். எடுத்ததோட படிப்பை விட்டவன், பக்டரியில சிப்ற் வேலை செய்யிறவன், சர்வதேச விசயம் பேச வேற ஆளைப் பாருங்கோ" எண்டு சொன்னேன். அவர் விடவில்லை. "நீ சாப்பாட்டு நேரத்தில எங்களுக்குச் சொல்லுற கதையை மேடையில சொல்லு, அது காணும்" எண்டார். அந்தக் கதைதான் இது.

எங்கட ஆக்கள் நாலு பேர் கூடினால் ஐ.நா. கைவிட்டிட்டுது என்ற பேச்சு வராமல் இராது. அந்தப் பேச்சில் நியாயம் இருக்கு. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனதையும், போகவேண்டாம் என்று சனம் அவர்களின் வாசலில் நின்று கெஞ்சியதையும் அறியாதவர் இந்த மண்டபத்தில் இல்லை. 2012 நவம்பரில் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு அறிக்கையே, இலங்கையில் தங்கட அமைப்புத் தவறியது என்று எழுதியது.

ஆனால் ஐ.நா. எண்டால் யார்? அதுக்கென்று சொந்தமாய் ஒரு இராணுவம் இல்லை. ஒரு ஊர், ஒரு சனம் இல்லை. நாடுகள் வந்து கூடி இருக்கிற இடம் அது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அரசாங்கம் இருக்கு, பெரும்பாலானவற்றில் ஒரு பாராளுமன்றம் இருக்கு, நீதிமன்றம் இருக்கு. அங்கே போய்ச் செய்ததுக்கு அந்த அரசாங்கத்தை அதன் சொந்த வீட்டில் வைத்துக் கேள்வி கேட்கலாமா? கேட்கலாம் என்பதற்கு நாங்கள் வாழுகிற இந்த நெதர்லாந்து நாடே சாட்சி. அதுக்கு எத்தனை வருசம் பிடிக்கும் என்பதற்கும் இதே நாடுதான் சாட்சி.

பொஸ்னியாவில் யுத்தம் நடந்த காலம். ஸ்ரெப்ரெனிச்சா, மலைகளுக்கு நடுவில் ஒரு சிறிய நகரம். சுற்றிவரப் பொஸ்னிய சேர்பியரின் படை. உள்ளே முஸ்லிம் சனம், பாதிக்கு மேல் வேறு ஊர்களிலிருந்து ஓடிவந்த அகதிகள். 1993 ஏப்பிரல் 16ந் திகதி பாதுகாப்புச் சபை தனது 819ம் தீர்மானத்தால் அந்த இடத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. (அந்தச் சொல்லைக் கேட்டவுடன இங்க கன பேரின்ர முகம் மாறுறது எனக்குத் தெரியுது. நான் அதுக்குள்ள போகவில்லை.) 1994இல் அதைக் காக்கப் போனது நெதர்லாந்துப் படை. தலையில் ஐ.நா.வின் நீலத் தொப்பி, சட்டையில் நெதர்லாந்துக் கொடி. பொட்டோச்சாரி என்ற இடத்தில் ஒரு பழைய பற்றரித் தொழிற்சாலைதான் அவர்களின் முகாம்.

1995 யூலை 11ந் திகதி நகரம் விழுந்தது. ஆயிரக்கணக்கான சனம் அந்தத் தொழிற்சாலையை நோக்கி ஓடியது. சுமார் 5,000 பேர் உள்ளே எடுக்கப்பட்டார்கள், அதைவிடப் பல மடங்கு சனம் வெளியில் வெயிலுக்குள் நின்றது. அடுத்த நாள் சேர்பியப் படை பஸ்களைக் கொண்டுவந்து பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றத் தொடங்கியது. ஆண்களைப் புறம்பாக்கியது. இதெல்லாம் படையினரின் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அப்படியிருந்தும் யூலை 13ந் திகதி, முகாமுக்குள் இருந்தவர்களையும் வெளியே போகச் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ 350 ஆண்கள். அந்தச் சில நாட்களில் ஸ்ரெப்ரெனிச்சா ஆண்களும் பையன்களுமாகக் கொல்லப்பட்டவர்கள் 8,000 பேருக்கு மேல். அது இனப்படுகொலை என்று 2007இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

கொன்றது சேர்பியப் படை. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் கதவைத் திறந்து வெளியே விட்டவருக்கு ஒரு பொறுப்பும் இல்லையா?

ஹசன் நுஹனோவிச் என்பவர் அந்த முகாமில் ஐ.நா.வுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். அவரிடம் அடையாள அட்டை இருந்தது, அவர் தங்கலாம். அவரின் தாயும் தம்பியும் தங்க முடியவில்லை, தகப்பனும் அவர்களோடு போனார். மூவரும் கொல்லப்பட்டார்கள். ரிசோ முஸ்தாபிச் அதே முகாமில் எலக்ரீசியன். அவரையும் வெளியே போகச் சொன்னார்கள், போனவர் திரும்பவில்லை. ஹசனும் ரிசோவின் குடும்பமும் டென்ஹாக் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அரசாங்கத்தின் பதில், அது ஐ.நா. படை, எங்களைக் கேட்காதீர்கள் என்பது. 2008 செப்டெம்பரில் முதல் நீதிமன்றம் அதை ஏற்று வழக்கைத் தள்ளியது. கிளிநொச்சியை விட்டு ஐ.நா. போன அதே மாதம்.

சரி, ஐ.நா.வைக் கேட்போம் என்று ஸ்ரெப்ரெனிச்சாவின் தாய்மார் இன்னொரு வழக்குப் போட்டார்கள். ஐ.நா.வை எந்த நாட்டு நீதிமன்றத்திலும் நிறுத்த ஏலாது, அதுக்குச் சட்ட விலக்கு இருக்கு என்று 2012இல் நெதர்லாந்து உயர் நீதிமன்றம் சொன்னது. 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதையே சொன்னது. ஊரில ஒரு கந்தோருக்குப் போனால் மற்றக் கந்தோருக்குப் போ எண்டுவினம், அங்க போனால் முதல் கந்தோருக்குப் போ எண்டுவினம் அல்லவா, அந்த மாதிரி.

இதை உடைத்தது 2011 யூலை 5ந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம். அது எப்படி உடைத்தது என்பதை நான் பக்டரி உதாரணத்தோட சொல்லுறன். இங்க எங்கள் பாதிப்பேர் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போறவை. சம்பளம் போடுறது ஏஜென்சி, மெஷினுக்குப் பக்கத்தில நிண்டு "இதைச் செய், அதை நிப்பாட்டு" எண்டு சொல்லுறது பக்டரி. கை அடிபட்டால் யார் பொறுப்பு? கடதாசியில் யாருடைய பெயர் இருக்கு என்று மட்டும் பார்த்தால் காணாது. அந்த நேரத்தில் யார் சொல்லி நடந்தது, யாரால் தடுத்திருக்க முடியும் என்று பார்க்கவேண்டும். நீதிபதிகள் கேட்டதும் அதைத்தான். கடதாசிப்படி படை ஐ.நா.வின் கட்டளைக்குக் கீழ். ஆனால் நகரம் விழுந்த அன்று மேலும் விமானத் தாக்குதல் வேண்டாம், எங்கட படையினருக்கு ஆபத்து என்று ஐ.நா.விடம் கேட்டது நெதர்லாந்துப் பாதுகாப்பு அமைச்சர். இதுவாவது வழக்கில் முக்கியமாக எடுபடவில்லை. எடுபட்டது அன்று இரவு நடந்தது. நெதர்லாந்துத் தரைப்படையின் பிரதித் தளபதி வான் பால் சாக்ரெப்பில் ஐ.நா. தளபதியோடு இருந்து, சனத்தை வெளியேற்றுவது பற்றிச் சேர்ந்து முடிவெடுத்தார். ஆகவே கட்டளை இரண்டு இடத்திலும் இருந்தது. ஒரு செயலுக்கு இரண்டு பேர் பொறுப்பாக இருக்கலாம். 2013 செப்டெம்பர் 6ந் திகதி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பதினெட்டு வருசம்.

தாய்மாரின் வழக்கு அங்கே முடியவில்லை. முகாமுக்குள் இருந்த ஆண்கள் விசயத்தில் அரசு பொறுப்பு என்று 2014இல் தீர்ப்பு. 2017இல் அந்தப் பொறுப்பு 30 வீதம் என்றார்கள். 2019 யூலை 19ந் திகதி உயர் நீதிமன்றம் அதை 10 வீதமாக்கியது. உள்ளே வைத்திருந்தாலும் அவர்கள் தப்பியிருக்கும் வாய்ப்புப் பத்தில் ஒன்றுதானாம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு அது சமிபாடடையவில்லை. ஒரு தம்பியில் பத்து வீதம் எது? எங்கட லைனில் ஒரு பொஸ்னிய அக்கா வேலை செய்யிறா. ஒவ்வொரு வருசமும் யூலை 11ந் திகதிக்கு அவ லீவு எடுப்பா. அந்தத் தீர்ப்பு வந்த கிழமை அவவிட்ட அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீதிமன்றத்துக்கு வெளியிலும் சிலது நடந்தது. 2002 ஏப்பிரல் 10ந் திகதி, நியோட் என்ற அரச ஆய்வு நிறுவனம் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஒழுங்கான திட்டமோ வலுவோ இல்லாமல் படையை அனுப்பியதை அது எடுத்துக் காட்டியது. ஆறு நாள் கழித்து விம் கொக்கின் அரசாங்கம் இராஜினாமாச் செய்தது. அடுத்த மாதம் எப்படியும் தேர்தல்தானே என்று சிரித்தவர்களும் உண்டு. அதற்கு முதலே, 2000இல், அரசியலமைப்பில் 100வது பிரிவு புதிதாக எழுதப்பட்டது. சர்வதேச சட்ட ஒழுங்குக்காகப் படை அனுப்புமுன் பாராளுமன்றத்துக்கு அரசாங்கம் தகவல் கொடுக்கவேண்டும். 2022 யூலை 11ந் திகதி, இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு, பாதுகாப்பு அமைச்சர் பொட்டோச்சாரிக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

இனி எங்கட பக்கம் வருவோம். நாங்கள் வருசா வருசம் ஜெனீவாவுக்குப் பஸ் பிடிக்கிறம். பிடிக்கத்தான் வேணும். ஆனால் அங்கே மனித உரிமைச் சபையில் கை தூக்குவது நாடுகள். 2009 மே 27ந் திகதி இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு 29 நாடுகள் ஆதரவு, 12 நாடுகள் எதிர்ப்பு. எதிர்த்த 12இல் நெதர்லாந்தும் ஒன்று. பொஸ்னியாவும் ஒன்று. 2021 மார்ச்சில் சாட்சியங்களைச் சேகரிக்க வழிசெய்த 46/1 தீர்மானத்துக்கும் நெதர்லாந்து ஆதரவாக வாக்களித்தது. 2024 முதல் 2026 வரைக்கும் திரும்பவும் அங்கத்துவ நாடு. நல்லதுதான், நன்றி சொல்லவேண்டியதுதான். ஆனால் தீர்மானத்தின் வசனங்களைப் பேரம் பேசும்போது எதை விட்டுக்கொடுத்தார்கள், ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்று இங்கே எங்களில் யாராவது கேட்டோமா? அந்தக் கேள்வியைக் கேட்க ஜெனீவா போகத் தேவையில்லை. டென்ஹாக்கில் பாராளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழு இருக்கு. அமைச்சர் அதுக்குப் பதில் சொல்லவேண்டியவர்.

பாஸ்போட் இல்லாதவை யோசிக்கவேண்டாம். இந்த நாட்டு அரசியலமைப்பின் 5வது பிரிவு, அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கும் உரிமை "ஒவ்வொருவருக்கும்" என்று சொல்லுது. பிரஜைக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

அதனால ஒரு கடிதம் எழுதியிருக்கிறம். டச்சில இருக்கு, அக்காவின்ர மகள் பிழை திருத்தித் தந்தவ. தமிழிலும் ஒரு பிரதி பக்கத்தில வைச்சிருக்கு. கேட்டிருக்கிறது இரண்டே விசயம். ஜெனீவாவில் இலங்கை பற்றிப் பேசப்போகுமுன் எங்கட அரசாங்கம் என்ன நிலைப்பாடு எடுக்கப்போகுது என்று பாராளுமன்றத்துக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். திரும்பி வந்து என்ன நடந்தது என்றும் எழுத்தில் சொல்லவேண்டும். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில இருக்கு. வாசிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம், வாசிச்சுப் போட்டு வையுங்கோ. பேனை இரண்டுதான் இருக்கு, கொஞ்சம் பொறுத்து வாங்கோ.