சிரிக்கும் வைத்தியரும் ஒற்றைக்கால் மாலுமியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்திலே நம் மூத்த உறுப்பினர் ஒருவர், தொலைக்காட்சிச் சித்திரப்படங்கள் பிள்ளைகளின் வாசிப்பைக் கெடுத்துவிட்டன என்று மனம் நொந்து பேசினார். அதற்கு மறுமொழி கூறும்படி காரியதரிசியார் என்னைப் பணித்தார். பெரியவருக்கு மறுமொழி கூறும் வயது எனக்கில்லை. ஒரேயொரு படத்தைப் பற்றி மாத்திரம் பேசி அமர்கிறேன்.

அது ‘புதையல் தீவு’. றொபேட் லூயி ஸ்ரீவன்சன் எழுதிய இந்நாவல் 1881 ஒக்ரோபர் முதல் 1882 சனவரி வரை ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வெளிவந்து, 1883 இல் நூலாயிற்று. மழை பெய்த ஒரு விடுமுறைக் காலத்தில், தம் மனைவியின் மகனோடு வர்ணங்களை வைத்துக்கொண்டு விளையாட்டாக வரைந்த தீவின் படமொன்றிலிருந்தே கதை பிறந்ததென்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். நான் கற்ற மிஷன் பாடசாலையில் இது ஆங்கிலப் பாடநூல்; அதாவது இதன் சுருக்கம் பாடநூல். கேள்விக்கு விடை எழுதுவதற்காகப் படித்தோமேயன்றி, உப்புக்காற்று எங்கள் வகுப்பறைக்குள் ஒருநாளும் வீசவில்லை.

நாவல் வெளிவந்து நூறாண்டுக்குப் பின், அன்றைய சோவியத் நாட்டின் கியெவ் நகரில் டேவிட் செர்காஸ்கி என்னும் நெறியாளர் இதனைத் தொலைக்காட்சிக்கென்று சித்திரப்படமாக்கினார். முதற்பாகம் 1986 இலும் இரண்டாம் பாகம் 1988 இலும் முடிந்தன. 2022 இல் இப்படத்தின் வைத்தியர் லிவ்சி பல்லெல்லாந் தெரியச் சிரித்தபடி கைவீசி நடக்கும் சில விநாடித் துண்டொன்று இணையத்தில் உலகமெங்கும் பரவியது. விடுதி நண்பரொருவர் அதைக் காட்டப்போய், முழுப் படத்தையும் ஆங்கில எழுத்துரையோடு தேடிப் பார்த்தேன்.

முதலில் எனக்குக் கோபமே வந்தது. நாவலில் இந்த வைத்தியர் சிரித்துத் திரிபவரல்லர். குடிவெறியில் ஒரு முரட்டு மாலுமி கத்தியை ஓங்கும்போது, குரலைக்கூட உயர்த்தாமல், கத்தியைச் சட்டைப்பையில் இடாவிட்டால் தூக்குமேடைக்குப் போவாய் என்று சொல்லி அவனை அடக்குபவர். தம்மைக் கொல்ல நின்ற கலகக்காரருக்குக் காய்ச்சல் கண்டபோது, அவர்களிடமே சென்று மருந்து கொடுப்பவர். அப்படிப்பட்டவரைக் கோமாளியாக்கலாமா?

ஆனால் படத்தில் எல்லாமே அப்படித்தான். ஒவ்வொரு பாத்திரமும் தோன்றும்போது பொலிஸ் கோவையிற் போல ஒரு குறிப்பு வருகிறது: குணம் இன்னது, மணமாகாதவர் என்று. சிறுவன் ஜிம்மைப் பற்றி, தாய் சொற் கேட்கும் மிக மென்மையான பிள்ளை என்கிறது. அந்தப் பிள்ளையோ கடற்கொள்ளைக்காரரைப் பந்தாடுகிறான். நம் கூத்திலே கட்டியகாரன் ராசாவை அறிமுகஞ் செய்யும் குறும்பு நினைவுக்கு வந்தது. இடையிடையே சித்திரம் நின்றுவிட, மெய்யான நடிகர்கள் வேடமணிந்து வந்து, புகையிலையின் தீமை, குடியின் தீமை என்றெல்லாம் பாடி ஆடுகிறார்கள். 1985 இல் சோவியத் அரசு மதுவுக்கெதிராகப் பெரிய இயக்கந் தொடங்கியிருந்தது. பாட்டு அந்த உபதேசத்தையும் செய்கிறது. உபதேசிகளையும் மெல்லக் கேலி செய்கிறது. அரசாங்கத் தொலைக்காட்சிக்காக இவ்வளவு துணிவோடு விளையாடியிருக்கிறார்களே என்று வியந்தேன். 1992 இல் அமெரிக்காவில் இதனை வெளியிட்டவர்களோ, அந்த நடிகர் காட்சிகளை வெட்டியெறிந்துவிட்டார்கள். உயிரை எடுத்துவிட்டு உடலை விற்றார்கள் என்பேன்.

இரண்டாம் முறை பார்த்தபோது என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. இப்படம் நாவலோடு விளையாடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி விளையாடுகிறது. என் பாடநூற் சுருக்கமோ, தானே நாவல் என்று எங்களை நம்பவைத்தது. எது கெடுத்தது?

எனினும் பெரியவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மையே. நாவலில் ஜிம் அப்பிள் பீப்பாய்க்குள் இருந்து, ஒற்றைக்கால் சில்வர் பேசுவதை ஒட்டுக்கேட்கிறான். கொலைச் சதியைக் கேட்பதற்கு முன்பே அவன் நெஞ்சு எரிகிறது. ஏனெனில், தன்னைப் புகழ்ந்த அதே வார்த்தைகளால் சில்வர் இன்னொரு வாலிபனையும் புகழ்கிறான். பயமும் அவமானமும் ஒருங்கே வரும் அந்த இடத்தை, சிரித்துக்கொண்டே ஓடும் எந்தப் படமும் தரமாட்டாது.

சில்வருக்குக் குரல் கொடுத்தவர் ஆர்மென் ஜிகர்கான்யன் என்ற பெரிய நடிகர். இனிய குரல், கேட்டால் நம்பத் தோன்றும். அது பொருத்தமே. ஸ்ரீவன்சன் தம் அருமை நண்பரும் ஒரு காலை நோய்க்குப் பறிகொடுத்தவருமான ஹென்லி என்னும் கவிஞரை மனத்திற் கொண்டே சில்வரைப் படைத்தார். நேசித்த மனிதரிடமிருந்து துணிவையும் கம்பீரத்தையும் எடுத்து ஒரு கொலைகாரனுக்குக் கொடுத்தால், வாசிப்பவன் என்ன செய்வான்?

விடுமுறையில் என் தம்பியும் படத்தைப் பார்த்தான். பாட்டுக்களுக்கு விழுந்து விழுந்து சிரித்தான். இரவு படுக்கப் போகும்போது, “அண்ணா, அந்த ஒற்றைக்காலன் நல்லவனோ கெட்டவனோ?” என்று கேட்டான். நான் ஒன்றுஞ் சொல்லவில்லை. மறுநாள் நூலகத்திலிருந்து சுருக்காத நாவலை எடுத்துவந்து கொடுத்தேன். அவனுடைய ஆங்கிலத்துக்கு அது கொஞ்சம் கடினந்தான். அகராதியும் கையுமாகவே இருக்கிறான். நேற்று வந்த கடிதப்படி, பதினோராம் அதிகாரத்தில், பீப்பாய்க்குள் இருக்கிறான்.