சந்திரசேகர் கண்ட காந்தக் கயிறு



ரயில்வே குமாஸ்தாவுக்கு வானாராய்ச்சி எதற்கென்பீர்கள். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் தந்தையாரும் ரயில்வே கணக்குத் துறையினரே!

கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டின் உட்பகுதி விரைந்தும், வெளிப்பகுதி மெதுவாகவும் ஓடும். அவ்வளவே எனில் வாயு உள்ளே வீழாது, சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆனால் காந்தப்புலம் இரண்டையும் ரப்பர்க் கயிறெனப் பிணைக்கிறது. அது பின்னிழுக்க, முந்துவது சுழல் உந்தம் இழந்து உள்ளே சரிகிறது. பிந்துவது அதனைப் பெற்று வெளியே விலகுகிறது. கயிறு மேலும் நீள, கொந்தளிப்பு எழுகிறது. வேக வேறுபாடு மிகுமளவு கொந்தளிப்பும் மிகும்.

1959இல் ருஷ்யாவின் வெலிகோவும், 1960இல் சந்திரசேகரும் கண்ட கணக்கு இது. வான்தட்டுகளுக்கு அதுவே திறவுகோலென 1991இல் பால்பஸும் ஹாலியும் காட்டும்வரை ஏட்டில் உறங்கியதே என் வருத்தம். சந்திரசேகரின் பெயர் தாங்கிய லடாக் தொலைநோக்கியை இன்று நம் பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டையிலிருந்தே இயக்குகின்றனர்.