செகண்ட் ஹேண்ட் லேப்டாப்: வாரண்டியா, ரேமா?

இன்னைக்கு என் சித்தி பையனோட லேப்டாப் கதை. ராசிபுரத்துப் பையன், காலேஜ் முதல் வருஷம். கையில 20,000 ரூபாய். சித்தி கோழிப்பண்ணை வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை. ரெண்டு திங்க்பேட் எடுத்து வெச்சாங்க. டி470, 14,000. டி480, 18,000. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். "டி470 எடுத்துக்கங்க தம்பி. 16 ஜிபி ரேம், ஒரு வருஷ வாரண்டி, எல்லாம் சேர்த்து 20,000ல முடிச்சுத் தர்றேன்"னார் கடைக்காரர். இவன் முகத்துல பல்பு எரியுது.

நான் ப்ராசஸரைப் பார்த்தேன். டி470ல இன்டெல் ஏழாம் தலைமுறை, மற்றதுல எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, பொதுவா எட்டாவது வேணும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. ரேம், எஸ்எஸ்டி எல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். ப்ராசஸர் போர்டுலயே சால்டர் ஆனது. லினக்ஸ்னா பழசும் ஜம்முனு ஓடும். ஆனா இவன் காலேஜ் சாஃப்ட்வேர் விண்டோஸ்தான் கேக்குது.

அப்புறம் வாரண்டி. சீரியல் நம்பரை லெனோவா தளத்துல போட்டுப் பார்த்தோம். கம்பெனி வாரண்டி எப்பவோ முடிஞ்சிருச்சு. சரி, கடை வாரண்டி?

"பேட்டரி, டிஸ்ப்ளே சேருங்களாண்ணா?"

"அதெல்லாம் சேராதுங்க தம்பி."

பழைய லேப்டாப்புல முதல்ல படுக்கிறதே பேட்டரிதானே!

டி480 எடுத்தோம். போர்டுக்கு ஒரு மாசம்னு பில்லுலயே எழுதி வாங்கினோம். 8 ஜிபி போதும், இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாத்தான் இருக்கு. மிச்சம் 2,000 சித்திகிட்டயே திரும்பப் போச்சு, பேட்டரிக்குன்னு.